பீரோவுக்குள் வைஃபை

என் கணவர் பூட்டு செய்கிறவர். வீட்டுச் சாவி, கடைச் சாவி, அலமாரிச் சாவி எல்லாவற்றையும் ஒரே வளையத்தில் கோத்து இடுப்பில் தொங்கவிட்டிருப்பார். அவர் எந்த அறையில் இருக்கிறார் என்று நான் தேடியதே இல்லை, சத்தம் சொல்லிவிடும். அப்படிப்பட்டவரிடம் போய், "வைஃபையைப் பத்திரமா வைக்கணும்ங்க" என்று சொன்னது என் தப்புதான். ரவுட்டரை முன்னறை இரும்பு பீரோவுக்குள் வைத்து, ஒயருக்கு மட்டும் ஓட்டை போட்டு, பூட்டிவிட்டார்.

"இனிமே எவன் தொடுவான்?" என்றார்.

எவனும் தொடவில்லை. சிக்னலும் வெளியே வரவில்லை.

எனக்கு அது விளையாட்டில்லை. மருத்துவமனைகளுக்கு வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துச் சொல்லும் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். டாக்டருக்கு ஒரு மொழி, நோயாளிக்கு ஒரு மொழி, நடுவில் வீடியோவில் நான். மறுநாள் காலை சோதனை அழைப்பு. பேச்சு பாதியில் அறுபடக்கூடாது, வெளியார் புழங்கும் வைஃபையில் பேசவும் கூடாது. நோயாளியின் ரகசியம் ஊருக்குக் கேட்கலாமா? கதவைச் சாத்திக்கொண்டு பேச எங்கள் வீட்டில் கடைக்கோடிச் சாமான் அறை ஒன்றுதான் உண்டு. அங்கே சிக்னல் எட்டிக்கூடப் பார்க்காது. எனக்கோ இந்த வேலை வேண்டும். இத்தனை மொழி பேசும் வாயை வைத்துக்கொண்டு கடையில் சாவிக்கு நம்பர் ஒட்டி ஒட்டி அலுத்துவிட்டது.

கொழுந்தன் உதவுகிறேன் என்று வந்தான். சிக்னலை நீட்டும் பெட்டி ஒன்றை வாங்கிவந்து நடைவழிப் பிளக்கில் சொருகினான். "முடிஞ்சுது அண்ணி!"

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பீரோவுக்குள் மூச்சுமுட்டுகிற சிக்னலை அது எப்படி நீட்டும்? போதாததற்கு, பாஸ்வேர்டே போடாமல் விட்டிருந்தான். யாரெல்லாம் சேர்ந்திருக்கிறார்கள் என்று போனில் பார்த்தேன். பீரோ இடுக்கில் கசிந்த கொஞ்சநஞ்ச சிக்னலிலும் எதிர்வீட்டு டிவி ஓடிக்கொண்டிருந்தது. தலைவலி போய்த் திருகுவலி வந்தது.

"பாவம், கேட்டாங்க அண்ணி."

"கேட்டா குடுத்துடுவியா? அண்ணன் காத்தையே பூட்டுறாரு, தம்பி வாசலையே கழட்டி வைக்கிறான். நல்ல குடும்பம்டா!"

பெட்டியைப் பிடுங்கி அவன் கையிலேயே திணித்தேன். பிறகு கணவரிடம் கையை நீட்டினேன். "ஏங்க, பீரோ சாவியக் குடுங்க."

"வெளிய வச்சா எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்."

"ரவுட்டர எவன் தூக்கப் போறான்? காத்துல போறதத்தான் திருடுவான். அதுக்கு உங்க பூட்டு செல்லாது."

அவர் முகம் சுருங்கிப் போனது. எனக்கும் சுருக்கென்றது, ஆனாலும் நீட்டிய கையை எடுக்கவில்லை. சாவியைக் கழற்றிக் கொடுத்தார்.

ரவுட்டரை வீட்டின் நடுவில், நடையிலிருந்த உயரமான மரஅலமாரியின் உச்சியில் வைத்தேன். ரவுட்டரோடு வந்த பாஸ்வேர்டுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, எவன் மண்டையை உடைத்துக்கொண்டாலும் ஊகிக்க முடியாத நீளத்தில் புதிது வைத்தேன். வந்துபோகிறவர்களுக்கு விருந்தாளி வைஃபை தனியாக. "நீயும் இனிமே விருந்தாளிதான்" என்றேன் கொழுந்தனிடம். சாமான் அறைக்குள் போய்ப் பார்த்தால் சிக்னல் முழுசாக நின்றது. வராமல் எங்கே போகும்?

காலையில் அழைப்பு வந்தது. டாக்டர் வேகமாகப் பேசினார், நோயாளி அழுதுகொண்டே பேசினார், நான் இருவருக்கும் ஈடுகொடுத்தேன். ஒரு சொல்கூட அறுபடவில்லை. முடிந்ததும் என்னைச் சோதித்த அதிகாரி, "எப்பலேருந்து வேலைக்கு வரீங்க?" என்று கேட்டார்.

எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தபோது வெளியே எதிர்வீட்டுக்காரர் குரல் கேட்டது. "அண்ணே, வைஃபை நின்னுபோச்சு. பாஸ்வேர்ட் கேக்குது, என்னன்னு சொல்லுங்க."

"என்கிட்ட இல்ல. அவகிட்டதான் இருக்கு."

"உங்களுக்கே தெரியாதா?"

"நான் பூட்டுக்காரன்பா. சாவி யார்கிட்ட இருக்கணும்னு எனக்குத் தெரியாதா?"

எதிர்வீட்டுக்காரர் போனபின் கதவைத் திறந்தேன். கணவர் அறை வாசலை மறித்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். சத்தம் வரக்கூடாதென்று சாவி வளையத்தைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளங்கையில் தடம் விழுந்திருந்தது.

"கிடைச்சிடுச்சுங்க."

வளையத்திலிருந்து சாமான் அறைச் சாவியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதுவும் உன்கிட்டயே இருக்கட்டும். உள்ள பூட்டிக்கிட்டுப் பேசு."