இடது பக்கத்து முகம்

...கேன்சர் இல்லை என்றாரே டாக்டர், அது போதாதா, அதற்கே மாரியம்மனுக்கு ஒரு மாவிளக்கு ஏற்றலாமே, பிறகு ஏன் மனசு ஆறமாட்டேன் என்கிறது என்று வெள்ளைத்தாய்க்கே விளங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையம் போகிற டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, மடியில் ஸ்கேன் படம் போட்ட பெரிய உறை, அதை மடக்கக் கூடாதாம், கசக்கக் கூடாதாம், கைப்பிள்ளையைப் போலத் தாங்கிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது, சனியன், தலைக்குள் சுமப்பது போதாதென்று மடியில் வேறு. வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வந்து பார்க்கிற அந்த டாக்டர் நல்ல மனுஷர்தான், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்தா பாருங்கம்மா, வெள்ளையா, நெல்லிக்காய் அளவுக்கு. கரண்டு வயருக்கு மேல ரப்பர் இருக்குல்ல, அந்த மாதிரி நரம்புக்கும் ஒரு உறை உண்டு. அதுல வளந்த கட்டி. கெட்ட கட்டி இல்ல, வேற எங்கயும் பரவாது" என்றார். கெட்ட கட்டி இல்லை என்றால் நல்ல கட்டியா? நல்லது எதற்கு வந்து காதைத் தின்கிறது, நடந்தால் ஏன் குடித்தவளைப் போல ஒரு பக்கமாகத் தள்ளுகிறது, இரவும் பகலும் காதுக்குள் ஏன் இந்த ஊதல்... நல்லதாம் நல்லது.

மூன்று நாலு வருஷமாகவே இடது காது மந்தம். யார் அதைப் பெரிதாக எடுத்தார்கள்? மில்லில் வேலை பார்த்தால் காது போகும், தலை நரைக்கும், அதற்கெல்லாம் யாராவது ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்களா? கோன் வைண்டிங்கில், நூல் சுற்றுகிற மெஷினில், நிற்கிறவளுக்குக் காது எதற்கு, அந்த இரைச்சலில் யாரும் யாரையும் காதால் கேட்டதில்லை, உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, மேஸ்திரி வருகிறார் என்றால் மீசையைத் தடவினால் போதும், டீ என்றால் கட்டைவிரலை வாய்க்குக் கொண்டுபோனால் போதும், ஊர் வம்பு மொத்தமும் ஒரு சத்தமில்லாமல் ஷிப்ட் முடிவதற்குள் பேசித் தீர்ந்துவிடும். அதனால்தான் காது செத்தது காதுக்குச் சொந்தக்காரிக்கே தெரியாமல் போனது. திருப்பூரிலிருந்து மகள் பேசுகிறாள் என்று போன் பூத்துக்கு ஓடி, ரிசீவரை வைத்துக்கொண்டு, லைன் செத்துக் கிடக்கிறது, எதற்கய்யா என்னைக் கூப்பிட்டுவிட்டாய் என்று பூத்துக்கார சேக் முகைதீனிடம் சண்டைக்கு நின்றாளே, அவன் சிரித்துக்கொண்டே, "அக்கா, கொஞ்சம் மறு காதுல வச்சுப் பாருங்க" என்றான். மாற்றி வைத்தாள். அம்மா அம்மா என்று மகள் கத்திக்கொண்டிருந்தாள். அப்போதும் என்ன செய்தாள், மில் டிஸ்பென்சரியில் சொட்டு மருந்து வாங்கி ஒரு வருஷம் விட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. "மில்லுச் சத்தத்துல போறதுன்னா ரெண்டு காதும்லம்மா போவும்? ஒத்தக் காது போச்சுன்னா அன்னைக்கே வந்திருக்கணும். பட்டாணி அளவுல வந்திருந்தா வருஷத்துக்கு ஒருக்கப் படம் எடுத்துப் பாத்துக்கிட்டே காலத்த ஓட்டிருக்கலாம்..."

இப்போது மட்டும் பார்த்துக்கொண்டிருக்க முடியாதா? முடியுமாம். ஆறு மாசம் பொறுத்து இன்னொரு படம் எடுக்கலாமாம், சில கட்டி வளராமல் அப்படியே கிடக்குமாம், வளர்ந்தால் மூளையை நெருக்குமாம். அறுத்து எடுத்துவிடலாமாம், ஆனால் முகத்துக்குப் போகிற நரம்பு அதோடு ஒட்டிக் கிடக்கிறதாம், அது நலுங்கினால் இடது பக்கம் தொங்கிப்போகுமாம், கண் மூடாது, வாய் கோணிக்கொள்ளும், சிலருக்கு மெல்லச் சரியாகும், சிலருக்கு ஆகாது. பொறுத்தால் கட்டி பெருக்கலாம், பெருத்தால் முகத்துக்கு இன்னும் ஆபத்து. அறுக்காமல் கதிர் பாய்ச்சும் வைத்தியமும் வெளிநாட்டில் உண்டாம், யாருக்கு வேண்டும் அந்தப் பேச்சு. நூலில் கட்டி விழுந்தால் அவள் என்ன செய்வாள், அதை நறுக்கி எறிந்துவிட்டு ஒரு முடிச்சு, கண் மூடித் திறப்பதற்குள் கோன் சுற்ற ஆரம்பித்துவிடும். அதைத்தான் கேட்டாள், அறுந்தால் முடிச்சுப் போட்டுக்கொள்ள முடியாதா சார் என்று. அவர் சிரிக்கவில்லை. "வீட்டுக்காரர்ட்ட பேசிட்டு அடுத்த வியாழக்கிழமை வந்து சொல்லுங்க" என்றார்.

வீட்டுக்காரரிடம் பேச வேண்டுமாம். எதை வைத்துப் பேச? புருஷன் தனுஷ்கோடிக்கு இரண்டு காதும் போய் எத்தனையோ வருஷமாயிற்று, ஸ்பின்னிங்கில் நின்று நின்று மில் அவரை அப்படியே உறிஞ்சிவிட்டுத் துப்பியது, இப்போது பஞ்சு மார்க்கெட் பக்கம் சைக்கிள் ஸ்டாண்டில் இருக்கிறார். அவருக்கு உலகம் என்பதே அவள் உதடுதான். வீட்டில் அவள் சத்தம் போட்டே பேசுவதில்லை, எதற்கு, வாயை அசைத்தால் போதுமே, பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள்கூட உங்கள் வீட்டில் சண்டையே கிடையாதா என்று கேட்பாள். சண்டை இல்லாமலா, நாறடித்துக்கொள்வார்கள், ஒரு சத்தம் வெளியே வராது, கோபம் தலைக்கேறினால் அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள், அதோடு பேச்சு அறுந்துவிடும், அவர் சுற்றிச் சுற்றி வந்து முன்னால் நிற்பார். முகம் தொங்கிவிட்டால்? கோணல் வாயில் அவர் எதைப் படிப்பார்? அழகு போவதைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை, நாற்பத்தைந்து வயதில் அதை யார் பார்க்கிறார்கள். பேச்சு போய்விடுமே. ஒரே வீட்டுக்குள் இரண்டு ஊமைகள் எதிரெதிரே உட்கார்ந்து சோறு தின்ன வேண்டுமா, அதற்குக் கட்டியே தேவலை, மூளையைத் தின்றுவிட்டுப் போகட்டும்... ஐயோ, என்ன நினைப்பு இது. கண்ணீர் வந்தது. கண்டக்டர் என்னவோ கேட்டான், எந்தப் பக்கமிருந்து கேட்டான் என்று தெரியாமல் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

பஞ்சு மார்க்கெட்டில் இறங்கும்போது கால் தள்ளியது. அவர் காத்துக்கொண்டு நின்றார், ஓடி வந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "ஏட்டி, பாத்து எறங்கு. என்னவாம்?" என்றார், காது கேளாதவர்கள் பேசுகிற பெருங்குரலில், தெருவே திரும்பிப் பார்த்தது. அவளுக்கு என்ன தோன்றியதோ, உள்ளங்கையால் இடது கன்னத்தையும் வாயின் ஓரத்தையும் அசையாமல் அழுத்திக்கொண்டாள். பாதி வாயால், எப்போதும் போலச் சத்தமில்லாமல் சொன்னாள்: "தலைக்குள்ள கட்டியாம். அறுத்தா மூஞ்சி கோணிருமாம். என்ன செய்யட்டும்?" அவர் அவள் வாயையே பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். "அம்புட்டுத்தான? அதான் சொன்னேன், ஒண்ணுமிருக்காதுன்னு." அவள் நினைத்தது சரிதான், பாதி முகம் போனால் இவ்வளவுதான், எல்லாம் போயிற்று. கையை எடுத்தாள். முழு முகத்தையும் அவருக்கு நேரே காட்டி, உதட்டை நன்றாகப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக, அதையே திரும்பச் சொன்னாள்.

அவர் பார்த்தார். முதலில் எப்படி ஆட்டினாரோ அதே தலையாட்டல், கொஞ்சம்கூட வித்தியாசமில்லை. "மாத்திரை குடுத்துட்டாகள்ல, பொறவு என்ன? வா, ஒரு காப்பி குடிச்சிட்டுப் போவோம்" என்று உறையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். படம் கசங்கிவிடும் என்று சொல்ல வாயெடுத்தாள். இவர் எப்போதிலிருந்து இப்படிப் புரியாமலே தலையாட்டிக்கொண்டிருக்கிறார், கண் மங்கிவிட்டதா, அலுத்துவிட்டதா, மகள் கல்யாணத்தைப் பற்றி ராவெல்லாம் பேசினேனே, அம்மா செத்தபோது அழுது அழுது சொன்னேனே, அதெல்லாம்... அப்படியானால் இந்த முகத்தை நான் யாருக்காகக் காப்பாற்றப் பார்க்கிறேன்? அவர் திரும்பிப் பார்த்து, என்ன என்பது போலப் புருவத்தை உயர்த்தினார். ஒன்றுமில்லை என்று அவள் உதட்டை அசைத்தாள், அவர் சரியென்று தலையாட்டினார்.