முதலாளிக்குள் ஓர் ஓவர்லாக் டைலர்

சிவன்மலை ஆண்டவன் மீது ஆணை, கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்கிறேன்: இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது.

கொரோனா வந்த முதல் வருஷம். அனுப்பர்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த சென்னியப்பன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் கிடந்தார். நோய் வந்து தேறியவரின் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்து ஏற்றினால் பிழைக்கலாம் என்றார்கள். ஓடிப்போய்க் கொடுத்தது அவர் கம்பெனியில் பனியன் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டைலர், அந்த நோயிலிருந்து தேறியிருந்த தெற்கத்தி ஆள், திசையன்விளை ஆரோக்கியராஜ்.

"நீங்க காய்ச்சல்ல கெடந்த பதினாலு நாளும் ஒரு போனு போட்டாரா அந்த மனுசன்?" என்று அவன் மனைவி விஜயராணி மல்லுக்கு நின்றாள்.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் கையில் மஞ்சளாக ஒரு பாட்டில் இறங்கியது. பத்தாம் நாள் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார். அதற்குள், பைக்கில் ஊருக்குப் போன ஆரோக்கியராஜ் தாராபுரம் தாண்டி லாரியில் அடிபட்டுச் செத்திருந்தான்.

வீட்டுக்கு வந்த சென்னியப்பனுக்கு முதலில் பேச்சுக் கேட்காமல் போனது வலது கால். காலை எட்டரைக்கு, மெஷின்கள் ஓடத் தொடங்கும் நேரத்தில், சோபாவில் இருந்தபடியே அது பெடல் மிதிக்கும். டீ டைமுக்கு நிற்கும். அழுத்திப் பிடித்தால் இடது கால் மிதிக்கும். ஒரே வாரத்தில் தரையில் டைல்ஸ் குழிந்துவிட்டது.

அடுத்தது நாக்கு.

"ஏட்டி, காப்பியக் கொண்டா."

மனைவி சாரதாமணி டம்ளரைக் கீழே போட்டாள். "ஏனுங்க, முப்பது வருசத்துல என்னை ஒரு 'டீ' போட்டுக் கூப்பிட்டதில்லீங்களே! யாருங்க உள்ள இருந்து பேசறது?"

முருகன் படத்தின் முன் திருநீறு பூசப்போன கை, சிலுவை போட்டது. முருகன் கண்டுகொள்ளவில்லை. மயில்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளைப்பூ வந்தால் உள்ளே ஆள் இருக்கிறான், சிவப்பு வந்தால் இல்லை. ஏழு தடவை எடுத்தும் வெள்ளை.

"வெள்ளிக்கிழமை வாங்க, ஆளை இறக்கிடலாமுங்க" என்றார் பூசாரி.

சென்னியப்பனுக்குப் பேய்மீது பயமில்லை. அந்தப் பதினாலு நாளைப் பற்றி உள்ளே இருப்பவன் இன்னும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே, அதுதான் பயம்.

வியாழக்கிழமை காலை விஜயராணி வந்து நின்றாள்.

"மொதலாளி, நாளைக்கு அவர இறக்கப் போறியளாமே. அதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கணும். 'அங்கனயே போய்க் கெடங்க'ன்னு ஏசித்தான் ஊருக்கு அனுப்புனேன். கோவத்தோடயா போனாரு?"

தெரியாது என்று சொல்லத்தான் சென்னியப்பன் வாயைத் திறந்தார். கால் சட்டென்று நின்றது.

"கோவமெல்லாம் இல்லட்டி ராணி. நீ கட்டிக் குடுத்த புளிச்சோத்துலதான் உப்பு இல்ல."

விஜயராணிக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. "ஏசுன வேகத்துல போட மறந்துட்டேன் மொதலாளி. மிச்சத்த நான் தின்னப்பதான் தெரிஞ்சது. இத ஒரு ஆளுட்டயும் சொல்லல."

அதன்பின் கால் மிதிக்கவில்லை. இன்றைக்கும் எட்டரை ஆனால் சென்னியப்பன் சோபாவில் உட்கார்ந்து, குழிந்த டைல்ஸில் பாதத்தை வைத்துக் காத்திருப்பார்.

ரத்த வகை சேரவில்லை என்று ஆரோக்கியராஜின் பிளாஸ்மாவை ஏற்றாமலே ஆஸ்பத்திரி அன்றே ரத்த வங்கிக்குத் திருப்பி அனுப்பிவிட்டது. சென்னியப்பன் கையில் மஞ்சளாக இறங்கியது சத்து மருந்து கலந்த சலைன்.