முள்ளனின் திக்கல்

அன்று வால்டர் ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தானா, அல்லது நான்தான் பிறகு அவன் முகத்தில் சிரிப்பை வரைந்துகொண்டேனா, தெரியவில்லை. சில நாள் நினைவில் சிரிக்கிறான். சில நாள் தலைகுனிந்து நிற்கிறான்.

வால்டர் என் அண்ணன். மராட்டி பேசும் ஊரான கட்கியில்தான் வளர்ந்தோம். கோத்ரூடில் ஒரு ஸ்டுடியோ, கார்ட்டூன் தொடர் ஒன்றுக்குத் தமிழ்க் குரல் கொடுக்க எங்கள் இருவரையும் எடுத்தது. அதில் இரண்டு வில்லன்கள், கூடப்பிறந்தவர்கள். அண்ணன் கள்ளன், தம்பி முள்ளன். ஊரின் தண்ணீர்த் தொட்டியைத் திருட இவன் குழாய் பதித்தால் அவன் அதில் ஓட்டை போடுவான். வால்டர் கேட்டது முள்ளனை, சிரிப்பெல்லாம் முள்ளனுக்குத்தான். இயக்குநர் நீரஜ் அதை எனக்குக் கொடுத்தார்.

எனக்குத் திக்குவாய். ரிக்‌ஷாக்காரரிடம் 'கட்கி' என்று சொல்ல வராமல், வாயில் வந்த வேறு ஏதோ இடத்தைச் சொல்லி இறங்கி வீட்டுக்கு நடந்திருக்கிறேன். ஆனால் இன்னொருவர் எழுதிய வரியை முள்ளனின் கீச்சுக் குரலில் சொன்னால் திக்காது. மைக் முன்னால் மட்டும் நான் பேசத் தெரிந்தவன். வேலை முடிந்தால் தலையசைத்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். தலைக்கனம் பிடித்தவன் என்று நினைத்தார்கள். அப்படியே நினைக்கட்டும் என்றிருந்தேன்.

அங்கே தனித்தனியாகத்தான் பேசுவோம். முதலில் பேசியவரின் குரல் அடுத்தவருக்கு ஹெட்ஃபோனில் கேட்கும். எழுதிய வரி முடிந்தும் படத்தில் வாய் அசைந்துகொண்டிருந்தால் ஏதாவது சொல்லி நிரப்ப வேண்டும். அன்று வால்டர் பேசி முடித்திருந்தான். என் முறை வந்தபோது ஹெட்ஃபோனில் கள்ளன் கேட்டான்:

"என்னடா மு... மு... முள்ளா, பே... பேச வரலையா?"

சின்ன வயதில் வீட்டில் என்னைச் சீண்டும் அதே இழுப்பு. அதே இடத்தில் மூச்சு.

நீரஜ் மராட்டியர், தமிழ் தெரியாது. ஓசையை வைத்தே நல்லது கெட்டது சொல்வார். "ஏக்தம் பாரி!" பிரமாதம் என்று தொடையில் தட்டினார். நானும் திக்கியே பதில் சொல்ல வேண்டுமாம். இனி முள்ளன் எப்போதும் அப்படித்தானாம்.

வால்டரைப் பார்த்தேன். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. முடியாது என்று நான் சொல்லலாம். சொல்ல வாயைத் திறந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"தொ... தொ... தொட்டி எனக்குத்தான்!" என்றேன்.

ஒரே டேக். கை தட்டினார்கள்.

வெளியே டீக்கடையில் வால்டர் சொன்னான்: "வாய் நெறைய அசஞ்சுதுடா. சட்டுனு அதான் வந்துச்சு."

நான் டீயை ஆற்றிக்கொண்டிருந்தேன்.

"நீயும் சூப்பராத்தானே பண்ண? அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?"

"நீ சொ... சொ..."

"சொல்லியிருக்கலாம், அதானே?" வழக்கம்போல என் வாக்கியத்தை அவனே முடித்தான். "சொல்லியிருந்தா நாளைக்கு உன்னக் கூப்பிடுவானா அவன்?"

அடுத்த வாரம் முள்ளன் போலீஸ்காரர் வேஷத்தில் வந்தான். ஆள் தெரியக் கூடாதென்பதால் திக்காமல் பேச வேண்டும். முள்ளனின் குரலிலும் எனக்கு அது இப்போது வரவில்லை. "இங்கே திக்கல் வேண்டாம்," என்று நீரஜ் சிரித்தார். மறுபடி எடுத்தோம். மறுபடியும். பிறகு அவர் சிரிப்பு நின்றது. கண்ணாடி வழியாக என்னையே பார்த்தார். "தண்ணீர் குடிக்கிறாயா, சுபின்?" என்று குழந்தையிடம் கேட்பது போலக் கேட்டார். திக்கியதைவிட அந்தக் கனிவுதான் கூச வைத்தது. ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

நீரஜ் இப்போது மும்பையில் இருக்கிறார். தொடர் இன்னும் ஓடுகிறது. அம்மா அதைப் பார்ப்பாள். நான் உள்ளே வந்தால் சேனலை மாற்றிவிடுவாள். எனக்கு நிக்டியில் ஒரு கம்பெனியில் இயந்திர வரைபடங்கள் போடும் வேலை, யாருடனும் அதிகம் பேச வேண்டியதில்லை. கள்ளன், முள்ளன் இருவருக்கும் வால்டரே குரல் கொடுக்கிறான். நன்றாகத் திக்குகிறான்.