வர்க்கலாவில் தங்க ஓர் இடம்

"படி எத்தனை இருக்குன்னு கேளுங்க மாமா" என்றாள் ரேணுகா.

அருள்பாண்டி போனைக் காதிலிருந்து இறக்கி மனைவியை ஒரு பார்வை பார்த்தான். கடலைப் பார்த்த ரூம், அதற்கு ஒரு பால்கனி, சுற்றிலும் தென்னை. வாடகையும் பேசி முடித்தாயிற்று. பெட்டியைத் தூக்க வேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் இவள் படியை எண்ணச் சொல்கிறாள்.

"சேட்டா, அங்க படி எத்தனை இருக்கும்?"

"ரூமுக்குப் படி இல்லா சாரே" என்றது வர்க்கலாவிலிருந்து வந்த குரல். "பீச்சுக்கு எறங்கான் மாத்ரம் கொறச்சு படி உண்டு. ஒரு நூறு, நூத்தம்பது."

ரேணுகா வேண்டாம் என்று கையை ஆட்டினாள். அருள்பாண்டி ஏதோ சமாதானம் சொல்லிவிட்டு போனை வைத்தான். நேற்றிலிருந்து அவள் கழித்துக்கட்டிய ரூம்களை எண்ணக் கைவிரல் போதாது. ஒன்று மாடியில் இருந்தது, வேண்டாம். ஒன்றுக்குப் போகிற பாதை குண்டும் குழியுமாக இருந்தது, ஆட்டோ தூக்கிப் போடும், வேண்டாம். இன்னொன்று அரண்மனை மாதிரி இருந்தது. வாசலில் செம்பருத்தி, கொல்லையில் கடல். அதையும் அவள் விடவில்லை.

"பக்கத்துல ஆஸ்பத்திரி இருக்கா?"

"நம்ம ஆஸ்பத்திரிக்கா போறோம்? கடல் பாக்கத்தான போறோம்?"

"ஒரு அவசரம்னா?"

"என்ன அவசரம் வரும் உனக்கு?"

அவள் காயாத துணியை எடுக்க எழுந்து போய்விட்டாள்.

பாவம், அருள்பாண்டி. வர்க்கலா என்கிற ஊரைக் கண்டுபிடித்ததே அவள்தான். போன மழைக்காலத்தில் தேனி டாக்டரம்மா, "ரெண்டு பேரும் எங்கயாச்சும் போயிட்டு வாங்க. கொஞ்ச நாளைக்கு இதையே நெனச்சுக்கிட்டு இருக்காதீங்க" என்று சொன்னதிலிருந்து, மலைக்கு அந்தப் பக்கம் ஒரு கடல் இருக்கிறது, செம்மண் குன்றுக்குக் கீழே அலை அடிக்கிறது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்குப் போடியில் ஏலக்காய் வியாபாரம். காய் வரத்து இருக்கிற மாதங்களில் அவன் வீட்டுக்கு வருவதே விருந்தாளி மாதிரி. இப்போது கோடை. கடையில் சோலி குறைவு. அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்கும் லீவு விட்டாகிவிட்டது. போகலாம் என்று அவன் வாயால் சொன்ன அதே வாரத்தில் அவளுக்கு நாள் தள்ளிப்போயிற்று.

போடி மருந்துக் கடையில் கேட்டால் அன்றைக்குச் சாயங்காலமே வீட்டுக்குச் சேதி வந்துவிடும். ஆகவே தேனிக்குப் பஸ் ஏறி, முகம் தெரியாத ஒரு கடையில் கிட் வாங்கி வந்து, விடியக் காலையில் பார்த்தாள். இரண்டு கோடு. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, புருஷனிடம்கூட.

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இது நாலாவது தடவை. முதல் மூன்றும் நிலைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் தெரிந்த மறுநாளே வீட்டின் நடையே மாறிவிடும். விளக்குமாறு அவள் கைக்கு எட்டாத இடத்துக்குப் போகும், பப்பாளி வீட்டுக்குள் வராது, வேண்டுதல் ஒன்று புதிதாக ஏறும். பிறகு ஒருநாள் எல்லாம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது தெருவில் அந்த ஒரு வார்த்தை அவளுக்கு முன்னால் வந்து நிற்கும். "தங்கலையாம்ல."

வேறு எத்தனையோ சொல் இருக்கிறது. ஆனால் ஊரில் எல்லோருக்கும் அதுதான் வாயில் வரும். என்னமோ அவள் வயிறு ஒரு லாட்ஜு, வந்தவர்களுக்கு வசதி பற்றாமல் காலி செய்துவிட்டுப் போன மாதிரி. அந்த வார்த்தையை அவள் அடியோடு வெறுத்தாள். இந்த வாரம் பார்த்து, பால் ஊற்றுகிற மொக்கம்மாளிலிருந்து பக்கத்து வீட்டு டீச்சர் வரை எல்லோரும் அதே வார்த்தையைத்தான் கேட்கிறார்கள். "வர்க்கலாவுல எங்க தங்கப் போறீக?"

துணியோடு அவள் திரும்பி வந்தபோது அருள்பாண்டி விடாமல் அடுத்த விடுதியின் படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். அவன் அம்மா ராமுத்தாய் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கண்ணை நாடகத்திலும் ஒரு கண்ணை இவர்களிடத்திலும் வைத்திருந்தாள்.

"படத்தப் பாத்துச் சரக்கு எடுத்தா உருப்பட்ட மாதிரித்தான்" என்று அவன் முனகினான். "காய்னா கையில அள்ளிப் பாக்கலாம், ஒண்ண உரிச்சு மோந்து பாக்கலாம். இவன் காட்டுறதெல்லாம் மெத்தையும் தலகாணியும்."

"கடலுக்குப் போறதுன்னா ராமேஸ்வரம் போலாம்ல அப்பு" என்றாள் ராமுத்தாய். "முழுகுன மாதிரியும் ஆச்சு, சாமி கும்பிட்ட மாதிரியும் ஆச்சு. நம்ம ஆளுக மடம் இருக்கு. ரூமு தேடுற சோலியே இல்ல."

"நீ நாடகத்தப் பாரும்மா."

"நான் என்ன சொல்லிப்புட்டேன் இப்ப? எங்க தங்குனா என்ன, தங்குனாச் சரி."

சொன்ன பிறகுதான் வார்த்தை எங்கே போய் விழுந்தது என்று அவளுக்கே தெரிந்தது. வேண்டுமென்று சொல்லவில்லை. கெட்ட மனுஷியும் இல்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டினாள். நாடகத்தில் யாரோ யாரையோ வீட்டை விட்டுப் போகச் சொல்லிக் கத்தினார்கள்.

ரேணுகா துணியை அப்படியே நாற்காலியில் போட்டாள். "எனக்கு எந்த ரூமும் வேணாம். எல்லாரும் என்னைய விடுங்க" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஏறினாள். கோபத்தில் வேகமாக ஏறப் போனவள் மூன்றாம் படியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக ஏறினாள். அருள்பாண்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாடி அறையில் கட்டிலின் மேல் பெட்டி பாதி நிரம்பிக் கிடந்தது. அவள் அதிலிருந்த சேலைகளை எடுத்து அலமாரியில் வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எடுத்துப் பெட்டியில் வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே மலைமேல் கருமேகம் திரண்டிருந்தது. மூன்று நாளாக இப்படித்தான் கூடுவதும் கலைவதுமாக இருக்கிறது, ஒரு சொட்டு விழவில்லை. புழுக்கம் ஆளைக் கொன்றது. அவள் உட்கார்ந்தாள், எழுந்தாள், மின்விசிறியைக் கூட்டினாள், குறைத்தாள்.

பயணத்தினால் எல்லாம் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மா போன தடவையே அடித்துச் சொல்லியிருந்தார். அது நிஜம்தான் என்று ரேணுகாவுக்கும் தெரியும். இரண்டாவது தடவை குரங்கணிக்கு ஜீப்பில் ஒரு விசேஷத்துக்குப் போய்வந்த பிறகு நடந்தது. ஜீப்பு குலுக்கினதுதான் காரணம் என்று ஊர் சொன்னது. அப்படியானால் மூன்றாவது தடவை என்ன காரணம்? வாரக்கணக்கில் இந்தக் கட்டிலை விட்டு அசையாமல் கிடந்தாளே. ஆகவே போனாலும் ஒன்றுதான், இருந்தாலும் ஒன்றுதான். புத்திக்கு இது விளங்குகிறது. ஆனால் மலைப்பாதையின் ஒரு கொண்டை ஊசி வளைவை நினைத்தாலே கை தானாக அடிவயிற்றுக்குப் போய்விடுகிறது.

சொல்லிவிடலாம்தான். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் சொன்ன நிமிஷத்திலிருந்து அது எல்லோருடையதும் ஆகிவிடும். போன தடவை முடிந்துபோனபோது அருள்பாண்டி அழவில்லை. சரக்கு வந்திருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் கொஞ்ச நாள் கடையிலேயே படுத்துக்கொண்டான். இன்னொரு தடவை அவன் முகத்தை அப்படிப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. இது போவதாக இருந்தால் அவளுக்கு மட்டும் தெரிந்து போகட்டும். அவளுக்குக் கடலும் வேண்டும், இதுவும் வேண்டும். இரண்டில் ஒன்றைக்கூட வாய்விட்டுக் கேட்க முடியாமல் படியையும் பாதையையும் குறை சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அருள்பாண்டி மேலே வந்தான். போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"இதுதான் கடைசி. இதையும் கழிச்சேன்னா நான் போடி பஸ் ஸ்டாண்டு லாட்ஜுலயே ரூமு போட்டுருவேன். பாத்துக்க. தரைத்தளம், ஒரு படி கெடையாது. வாசல் வரைக்கும் தார் ரோடு. கீழ ரோட்டு முக்குல பெரிய ஆஸ்பத்திரி, இருவத்திநாலு மணி நேரமும் டாக்டரு இருப்பாக. கொதிக்க வச்ச தண்ணி கொடுக்காங்க. காரம் இல்லாமச் சமைச்சுத் தர்றேங்கறான். வீடியோ போட்டு மூலை முடுக்கெல்லாம் பாத்துட்டேன். இப்பச் சொல்லு."

ரேணுகா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து போனை வாங்கிப் பார்த்தாள். முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தாள். வெள்ளைச் சுவர், வழுக்காத தரை, கைப்பிடி வைத்த குளியலறை. குறை சொல்ல எதுவுமே இல்லை.

"கடல் ரொம்பப் பக்கத்துல இருக்கு" என்றாள்.

"அதுக்கு?"

"ராத்திரியெல்லாம் சத்தம் கேக்கும். தூக்கம் வராது."

அருள்பாண்டி ஒரு கணம் விழித்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "கடலுக்குப் போயிட்டு, கடல் சத்தம் கேக்குதுங்குற ஆளு நீ ஒருத்திதான் ரேணு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்தினான். சிரிப்பும் அப்படியே நின்றுபோயிற்று.

கடையில் அவன் அடிக்கடி பீற்றிக்கொள்வது ஒன்று உண்டு. காய் வாங்க வருகிறவன் தனக்கு இன்னது வேண்டும் என்று உள்ளதைச் சொல்லமாட்டான், சொன்னால் விலை ஏறிவிடும். எதையெதைத் தட்டில் தள்ளிவைக்கிறான் என்று பார்த்துக்கொண்டே வந்தால் போதும், அவன் மனசில் இருக்கிற சரக்கு தெரிந்துவிடும். ஊரார் மனசையெல்லாம் அப்படிப் படித்தவனுக்கு, சொந்த வீட்டில் இரண்டு நாள் பிடித்தது.

படி வேண்டாம். குலுக்குகிற பாதை வேண்டாம். ஆஸ்பத்திரி பக்கத்தில் வேண்டும். சற்று முன் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு பார்வை தானாகக் கீழே இறங்கிற்று. அவளுடைய வலது கை அடிவயிற்றின் மேல் இருந்தது. அது அங்கே இருப்பது அவளுக்கே அப்போதுதான் தெரிந்தது. எடுக்கலாமா என்று நினைத்தாள், எடுக்கவில்லை.

அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் கேட்டுவிடுவான் என்று பயந்தாள். கேட்காமல் போய்விடுவானோ என்று அதைவிடப் பயந்தாள். அவன் அவள் கையிலிருந்து போனை வாங்கினான். கட்டிலில் போடப் போய் அது கீழே விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கிறேன் என்று தரையிலேயே உட்கார்ந்து, அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்கிற்று. மூன்று தடவைக்கும் சேர்த்து இப்போதுதான் அழுகிறான். ரேணுகா மற்றக் கையை எடுத்து அவன் தலையில் வைத்தாள். இத்தனை நாள் தனியாகச் சுமந்தது முட்டாள்தனம் என்று அவளுக்குத் தோன்றிற்று.

"அத்தைக்கு இப்பத் தெரிய வேணாம் மாமா" என்றாள் மெதுவாக. "கேட்டுக்கிட்டே இருப்பாக. என்னால முடியாது."

"சொல்லமாட்டேன்" என்றான் அவன், முகத்தைத் துடைத்துக்கொண்டே. "சத்தியமா வாயத் தொறக்கமாட்டேன்."

கீழேயிருந்து ராமுத்தாயின் குரல் டிவியையும் தாண்டிக்கொண்டு வந்தது. "என்னப்பு, முடிஞ்சுச்சா? எங்கதேன் தங்குறதா முடிவு?"

அருள்பாண்டி எழுந்து மாடிப்படிக்குப் போனான். வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்து அரை நிமிஷம் ஆகவில்லை. மனசில் எது இருந்ததோ அதுவே வாயில் வந்தது.

"எங்கயும் வேணாம்மா. இங்கயே தங்கட்டும்."

தங்குகிறோம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்ன பிறகு அவன் விக்கித்துப்போய் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். ரேணுகா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் வெறுத்த வார்த்தைதான். ஆனால் அவன் வாயிலிருந்து வந்தபோது அது வேறு வார்த்தையாக இருந்தது.

கீழே டிவி சத்தம் பட்டென்று நின்றது. இப்போது அத்தை படியேறி வருவாள், எத்தனை நாள் என்பாள், எந்தக் கோயில் என்பாள், விளக்குமாறைத் தூக்கி ஒளிப்பாள் என்று ரேணுகா காத்திருந்தாள். ராமுத்தாய் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவள் குரல் மட்டும் வந்தது. அத்தனை மெதுவாக அவள் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

"சாப்பிட வாத்தா. பாத்து, செவத்தப் புடிச்சு எறங்கி வா. நான் ஒண்ணும் கேக்கல."