நீர்மாலைத் தண்ணீர்

சூரியபிரகாஷ் குடத்தைச் சுமந்தபடி தெருக்குழாயைத் தாண்டி நடந்தான். முன்னால் போன கொட்டுக்காரர் சங்கிலி அடிப்பதை நிறுத்தினார்.

"தம்பி, இப்ப எல்லாரும் இந்தக் குழாய்லதான நீர்மாலை எடுக்குறாக?"

"அக்காளுக்குக் கம்மாத் தண்ணிண்ணே."

"கம்மா எங்க இருக்கு? பூராம் பிளாட்டு."

"செத்தும் நம்மள அலையவிடுறா பாரு," என்றாள் அத்தை முருகம்மாள், அழுதுகொண்டே.

அக்கா சத்யப்ரியா காலையில்தான் காய்ச்சலில் இறந்திருந்தாள். அவளைக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணீர் எடுத்துவர வேண்டியவன் தம்பி.

அவள் ஓவியர். மதுரையில் பழைய நில வரைபடங்களைத் தேடிப் பிரதியெடுப்பாள். பிறகு பேரையூர் வெயிலில் நடப்பாள். எந்தக் கண்மாய் எதுவரை இருந்தது, மடையைத் திறக்கும் உரிமை யாரிடம் இருந்தது, யார் வயலுக்குத் தண்ணீர் கடைசியாகப் போனது என்று கேட்டுக் கேட்டுப் பெரிய துணிகளில் வரைவாள். சர்வேயர் என்று நினைத்துப் பட்டாவோடு வந்தவர்களையும் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பாள். அளக்கும் டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கூடவே திரிந்தவன் சூரியபிரகாஷ். அவள் கோடு தப்பி அவன் பார்த்ததில்லை.

அந்தக் கண்மாயைப் பிளாட் போட்டு விற்றுக்கொண்டிருந்தவர் சித்தப்பா வெள்ளைத்துரை. இரும்புக் கேட்டை மறித்து நின்றார்.

"இங்க வேணான்டா. மழைத்தண்ணி தேங்கிக் கெடக்கு, அம்புட்டுத்தான்."

"கம்மாய்க்கும் மழைத்தண்ணிதான சித்தப்பா வரும்?"

"நீர்மாலை எடுத்துட்டா இது கம்மாதான்னு ஊரே சொல்லிரும். அப்புறம் எவன் வாங்குவான்?"

"சொல்லட்டும்."

"அவளும் இப்பிடித்தான். எங்கிட்டயே வந்து, மடை எங்க இருந்துச்சு சித்தப்பான்னு கேட்டாளே!"

"சொன்னீகளா?"

வெள்ளைத்துரை தரையைப் பார்த்தார்.

"கூட்டிட்டுப் போயிக் காட்டுனேன்."

அவர் கேட்டை விட்டு நகர்ந்துகொண்டார்.

உள்ளே எல்லைக் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. சூரியபிரகாஷ் முழங்கால் ஆழத்துக்குப் போய்க் குடத்தை முக்கினான். அவனுக்கு மேலே வெள்ளைத் துணியை நாலு பேர் விரித்துப் பிடிக்க வேண்டும். மூன்று பேர்தான் இறங்கியிருந்தார்கள். அங்கே பிளாட் வாங்கியிருந்த, சூரியபிரகாஷுக்கு மாப்பிள்ளை முறையான அழகுபாண்டி கரையிலேயே நின்றுவிட்டான். துணியின் ஒரு முனை தண்ணீரில் இழுபட்டது.

"மாப்ள, வா," என்று ஒருவன் கூப்பிட்டான். அழகுபாண்டி அசையவில்லை.

வெள்ளைத்துரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். நனைந்த முனையை எடுத்துப் பிழிந்து, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.