நெய்க்குன்று உச்சியில் யார் விளக்கு

என் புருஷனின் அண்ணன் அருணகிரி மனுஷனே இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்வேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற வழியில் எங்கள் ஊர். ஊரை ஒட்டி நெய்க்குன்று. அதில் பாதியைக் கிரஷர்காரன் தின்று தீர்த்துவிட்டான். அவனுக்குக் கல் உடைத்துக் கொடுக்கும் காண்டிராக்டர் வேறு யார், இந்த அருணகிரிதான். மிச்சமிருக்கும் உச்சியைக் காப்பாற்றிக்கொண்டிருப்பது கார்த்திகை விளக்கு ஒன்றுதான். வருஷா வருஷம் உச்சியில் விளக்கு எரிந்து வருகிற வரைக்கும் அங்கே வெடிக்குத் துளை போடக்கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மலையில் வெளிச்சத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எந்த வீட்டிலும் அகல் ஏற்றுவோம்.

இந்த வருஷம் அருணகிரி ஒரு புதுப் பேச்சை எடுத்தார்.

"மய பேஞ்சி பாறையெல்லாம் வழுக்குது. எவனாவது வுழுந்து செத்தா யாரு பதில் சொல்றது? இந்தவாட்டி கீழ்ப்பாறைல ஏத்திக்கலாம்."

ஊர் தலையை ஆட்டியது. ஆட்டாமல் என்ன செய்யும், பாதிப்பேர் அவருடைய லாரி ஓட்டுகிறவர்கள். ஒரு வருஷம் உச்சி இருட்டாகக் கிடந்தால் போதும், மறுநாளே மெஷின் ஏறிவிடும். இது என் புருஷன் தீனதயாளனுக்கும் தெரியும். சிறுசேரிக்கு ஐ.டி. ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது அரசியலெல்லாம் பேசுகிற மனுஷன், அண்ணனைக் கண்டால் ஊமை. "நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு" என்றார். தூ!

நானே கிளம்பினேன். கார்த்திகை அன்று பொழுது சாய்கிற நேரம். கையில் நெய் டப்பா, தோளில் திரித்துணி. மலைப் பாதை குவாரி கேட்டைத் தாண்டித்தான் போகிறது. கேட்டில் பூட்டு. பூட்டுக்கு முன்னால் நாற்காலி போட்டு அருணகிரி.

"எங்க கெளம்பிட்ட?"

"மேல, வெளக்கு ஏத்த."

"பொம்பள ஏத்துற வெளக்கா அது? வூட்டுக்குப் போயி வட சுடு, போ."

"ஆம்பளைங்க ஏத்தி இருந்தா நான் ஏன் மாமா வரப்போறேன்? கேட்டத் தொறங்க."

"தொறக்க மாட்டேன். இன்னா பண்ணிடுவ?"

கேட்டுக்கு உள்ளே ஒரு கார் நின்றது. யாருடையது என்று கேட்டேன். அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு பெருமை வந்தது.

"பரணிதரன்னு சிறுசேரி கம்பெனி சாரு. மெட்ராஸ சுத்திகீற மலையெல்லாம் ஒண்ணு வுடாம ஏறிகினு வராராம். பரங்கிமல, திருநீர்மல, திருப்போரூரு எல்லாம் முடிச்சிட்டாராம். நம்ப மலதான் பாக்கியாம். மதியம் வந்து மரியாதையா கேட்டாரு, வுட்டேன்."

"அவருக்கு வழுக்காதா?"

"அவரு ஷூ போட்டுகீறாரு."

ஊர்க்காரிக்குப் பூட்டு, எங்கிருந்தோ வந்தவனுக்குத் திறந்த கேட்டு. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அவர் காலை ஆட்டிக்கொண்டு கேட்டார். கீழ்ப்பாறையில் அவருடைய ஆட்கள் கொப்பரையை வைத்துக்கொண்டு அவர் போனுக்காகக் காத்திருந்தார்கள். நன்றாக இருட்டட்டும் என்று இவர் உட்கார்ந்திருந்தார்.

அப்போது உச்சியில் வெளிச்சம் தெரிந்தது.

கேட்டிலிருந்து பார்த்த எனக்கு அது நெற்றியில் மாட்டுகிற டார்ச் என்று தெரிந்தது. அந்த சார் ஊரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். ஆனால் ஊருக்குத் தூரம், நடுவில் தூறல்.

"அரோகரா!" என்று கீழே ஒரே சத்தம். பட்டாசு வெடித்தது. கிழக்குத் தெருவில் அகல்கள் எரிந்தன, பிறகு ஏரிக்கரைத் தெருவில். அருணகிரியின் மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவரிலும் வரிசையாக எரிந்தன. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அவர் துள்ளி எழுந்து பெண்டாட்டிக்கு போன் போட்டார். "ஏய் பூவாயி, அது பேட்டரி லைட்டுடி! வெளக்க அண!"

பூவாயி அக்காவுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை. எனக்கே கேட்டது. "இன்னா பேசற நீ? கார்த்திக வெளக்க அணைக்கச் சொல்றியா? ஊரே சாமின்னு நம்பி ஏத்திகீது. நம்ப பொண்ணு மாசமா கீறா, அவ கையாலதான் மொத வெளக்கு. மேல ஒண்ணும் இல்லன்னா போயி ஏத்து. ஏத்தாம இந்த வாசப்படி மிதிக்காத."

அவர் பதில் சொல்வதற்குள் உச்சி இருண்டது. சார் இறங்கத் திரும்பிவிட்டார். கீழே பட்டாசுச் சத்தம் நின்றது. யாரோ ஒருத்தி, "ஐயோ, மல வெளக்கு அணஞ்சிடுச்சே!" என்று கத்தினாள்.

அருணகிரிக்கு முகம் செத்துவிட்டது. கீழ்ப்பாறையிலிருந்து, "அண்ணாத்த, ஏத்தட்டுமா?" என்று குரல் வந்தது. அவர் காதில் அது விழவில்லை. சாவியைப் போட்டுக் கேட்டைத் திறந்துவிட்டு என் டப்பாவுக்குக் கை நீட்டினார்.

"குடு. நான் ஏத்தறேன்."

"கைய எடுங்க மாமா. நீங்க லைட்ட மட்டும் அடிங்க."

முறைத்தார். நானும் முறைத்தேன். பிறகு போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, ரப்பர் செருப்போடு, என் பின்னால் ஏறினார். வழியில் இறங்கி வந்த அந்த சார் எங்களுக்கு வணக்கம் வைத்தார். பாவம், ஒன்றும் தெரியாது.

உச்சியில் காற்று. கிழக்கே மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம் மின்னிக்கொண்டிருந்தது. பாறையில் குடைந்திருந்த பழைய கல் அகலில் நெய்யை ஊற்றி, திரியை நனைத்து, நான்தான் ஏற்றினேன். கீழேயிருந்து மறுபடியும் அரோகரா வந்தது. அவர் கையெடுத்துக் கும்பிட்டார். மகளுக்காகத்தான், மலைக்காக இல்லை. இந்த ஒரு வருஷம் மெஷின் ஏறாது, எனக்கு அது போதும்.

இறங்கும்போது அவர் செருப்பு சறுக்கி ஒரு காலில் தடுமாறினார். நான் கை கொடுக்கவில்லை.

"பாத்து வாங்க மாமா," என்றேன். "வழுக்கும்."