ஆர்மராடின் மேல் பெய்த காகிதப் பனி

ஒரு நாடகத்தின் கடைசி வரிக்கு 1936 மார்ச் மாதம் இங்கிலாந்தின் பர்ன்லி ஊரில் நடந்த விலை அரை பைன்ட் பியர். நுரையைக் கழித்துப் பார்த்தால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. அந்த விலைக்கு அதை விற்றவன் வில்ஃப்ரெட் ஆர்மராட். எங்கள் சந்தைக் கூடத்தில் பாலாடைக்கட்டி விற்ற ஆர்மராடின் இரண்டாவது மகன், வயது இருபத்து நாலு, சந்தைக்குப் பின்னாலிருந்த பெவிலியன் தியேட்டரில் வாரச் சம்பளத்துக்கு நடித்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைதோறும் புது நாடகம். ஒன்றை நடித்துக்கொண்டே அடுத்ததை ஒத்திகை பார்ப்பார்கள். ஒத்திகையில் எதை வேண்டுமானாலும் பேசலாம், கடைசி வரியை மட்டும் பேசக் கூடாது என்பது நாடகக்காரர்களின் வழக்கம். சீட்டு வாங்கிய சனம் எதிரில் இல்லாமல் ஒரு நாடகத்தை முடித்தால் அது பிறகு முடியவே முடியாதாம். அந்த இடம் வந்ததும் 'டம்டி டம்' என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். அந்த வரி பேச வேண்டியவனின் தாளிலும், மேடை நிர்வாகி டாட்டர்சாலின் பிரதியிலும் மட்டுமே எழுதியிருக்கும்.

அந்த வாரத்து நாடகத்தை எழுதியவர் பக்கத்து ஊரில் ஓய்வுபெற்ற வாத்தியார். ஓடிப்போன தகப்பன் பல வருஷம் கழித்துப் பனியில் நனைந்து வந்து தன் வீட்டு வாசலில் நிற்கிறான். ஒரு வரி சொல்கிறான். வரி விழுந்ததும் மேலே பரணில் இருப்பவன் காகிதப் பனி மூட்டையை உலுக்க வேண்டும், கீழே இருப்பவன் திரையை இறக்க வேண்டும். திங்கட்கிழமை மதியம் உடுப்போடு கடைசி ஒத்திகை. வாசல்வரை வந்த வில்ஃப்ரெட் வழக்கம்போல டம்டி டம் சொல்ல வாயெடுத்தான். போலீஸ்காரனாக நடித்த சிரில் என்ட்விசில் சும்மா இருந்திருக்கலாம்.

"கட்டி விக்கிறவன் மகனுக்குக் காத்துக் கருப்புன்னா பயம் போலருக்கு."

"எங்க கடையில ருசி பாக்கக் குடுத்துட்டுத்தாண்டா விப்போம். ருசி பாத்ததுல எந்தக் கட்டி கெட்டுப்போச்சு?"

"அப்ப சொல்லேன். அரை பைன்ட் என் செலவு."

சொன்னான். பரணில் அரைத்தூக்கத்தில் இருந்தவன் வரி காதில் விழுந்ததும் தொழில் பழக்கத்தில் மூட்டையை உலுக்கினான். பழைய நாடகப் பிரதிகளைக் கத்தரித்துச் செய்த பனி வில்ஃப்ரெட்டின் தொப்பியில் விழுந்தது. விழுந்துகொண்டே இருந்தது.

"மூட்டையில எத்தனை படிடா போட்ட?" என்று கீழேயிருந்து கத்தினார் டாட்டர்சால்.

"மூட்டை காலியாயி கால் மணி நேரமாச்சுங்க," என்று மேலேயிருந்து பதில் வந்தது.

அன்று மாலை முந்நூற்று நாற்பது பேர் முன்னால் வாசலில் நின்று வாயைத் திறந்தான், வரி இல்லை. எடுத்துக்கொடுக்கலாமென்று டாட்டர்சால் பிரதியைப் புரட்டினார். கடைசிப் பக்கம் துடைத்துவிட்டது போல வெள்ளையாக இருந்தது, வில்ஃப்ரெட்டின் தாளும் அப்படியே. வரி வராததால் திரைக்காரன் திரையை இறக்கவில்லை. கடைசி பஸ் வரைக்கும் சனம் பொறுத்திருந்துவிட்டு எழுந்து போனது. வாத்தியாரிடம் ஆள் அனுப்பினார்கள். "வித்துட்டீங்களே ஐயா, வித்த சரக்கு மறுபடி என்கிட்ட ஏது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மதியம் அந்த வரியைக் கேட்டிருந்தவர்கள் மூன்றே பேர், மற்றவர்கள் அதற்குள் தேநீருக்குப் போயிருந்தார்கள். வாரம் முடிவதற்குள் என்ட்விசில் பிரெஸ்டனில் இருந்த தன் வீட்டுக்குப் போய்க் கம்பளம் விற்க ஆரம்பித்தார். பரண்காரன் தன் தாயிடம் போய்ச் சேர்ந்தான். டாட்டர்சால் பதினொரு வருஷமாக எட்டிப் பார்க்காத மனைவியிடம் திரும்பிப் போனார், அவளும் சேர்த்துக்கொண்டாள். வரி என்ன என்று கேட்டால் மூவருக்கும் ஞாபகமில்லை. சின்ன வரிதான், கேட்டதும் வீட்டுக்குப் போகத் தோன்றியது என்றார்கள்.

பனி வில்ஃப்ரெட்டோடு தெருவுக்கு வந்தது, பஸ்ஸில் ஏறியது, தேவாலயத்தில் உட்கார்ந்தது. தியேட்டரில் உடுப்புத் தைத்த ஹில்டா கிளெக் அவனைக் கட்டிக்கொண்டாள். ஒரு மாதம் கட்டிலில் குடை பிடித்துப் பார்த்துவிட்டு, கை வலிக்கிறதென்று விட்டுவிட்டாள். தினமும் பெருக்கினாள், பெருக்கியதைக் கொட்டாமல் துண்டு துண்டாகப் படித்தாள். எல்லாம் நாடகத் தாள்தானே, அந்த வரியும் ஒருநாள் விழாமலா போகும் என்பது அவள் கணக்கு. காதல் மொழி விழுந்தது, கொலை மிரட்டல் விழுந்தது, 'வண்டி தயார் ஐயா' என்பது மட்டும் நூறு தடவைக்கு மேல் விழுந்தது. லண்டன் பக்கத்துப் படக் கம்பெனி ஒன்று இவனை வைத்தால் பனிக்கூலி மிச்சம் என்று கண்டுபிடித்தது. ஒரே கொட்டகைக்குள் நாலு தடவை துருவத்துக்குப் போய்வந்தான். பிச்சைக்காரனாக, தோற்ற தளபதியாக, வழி தவறிய பாதிரியாக உறைந்து செத்தான். பேரும் வந்தது, அரண்மனையில் பட்டமும் வந்தது. அன்று கம்பளத்தைப் பெருக்க இரண்டு ஆள் போட்டார்கள். வெயிலில் பந்து உருட்டும் கிழவனாக ஒரு வேஷம் தரும்படி ஒருமுறை கெஞ்சினான். "ஜூலை மாசத்துல பனியா வில்ஃப்? சனம் சீட்டுக் காசைத் திருப்பிக் கேக்குமேப்பா," என்றார் இயக்குநர். அவர் சொன்னதும் நியாயம்தான்.

1943இல் மார்ஜரி பிறந்தாள். தொட்டிலுக்குள் பனி விழுந்தது. காகிதத் தூசி நெஞ்சில் அடைத்து, மூன்றாம் மாதம் பிள்ளை நீலம் பாரித்தது. மருத்துவர் தன் கோட்டில் விழுந்ததைத் தட்டிவிட்டுக்கொண்டே, "வீட்டுல ஒண்ணு நீங்க இருக்கணும், இல்ல பிள்ளை இருக்கணும்," என்றார். வில்ஃப்ரெட் எதிர்வரிசையில் பன்றிக்கறிக் கடை மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டார். வாசலுக்கும் வாசலுக்கும் இருபத்தொரு தப்படி. படப்பிடிப்பு இல்லாத நாளெல்லாம் அவர் அந்த ஜன்னலில், மகள் இந்த ஜன்னலில். முதல் பல் முளைத்ததை அவள் ஈறைக் காட்டித் தெரிவித்தாள். சனிக்கிழமைகளில் ஹில்டா போய் அந்த வாரத்து மூட்டையை அவிழ்ப்பாள், இருவரும் படிப்பார்கள். வரி கிடைத்தால் நாடகம் முடியும், நாடகம் முடிந்தால் பனி நிற்கும், பனி நின்றால் வீட்டுக்கு வரலாம். கிறிஸ்துமஸ் மதியம்தோறும் தெருவைக் கடந்து தன் வீட்டு வாசலில் கால் மணி நேரம் வாயைத் திறந்தபடி நிற்பார், ஒருவேளை வருமோ என்று. பிறகு வாயை மூடிக்கொண்டு திரும்பிவிடுவார். அப்படி இருபத்தெட்டு கிறிஸ்துமஸ்.

1971 ஜூனில் ஹில்டா இறந்தாள். மகளுக்கு ஆகாதென்று வில்ஃப்ரெட் சவப்பெட்டிக்கு நாற்பது தப்படி பின்னால் நடந்து வந்தார். அடக்கம் முடிந்து எல்லோரும் போனபின் வாசலில் வந்து நின்றார். மார்ஜரி கதவைத் திறந்தாள்.

"என்னப்பா, வரி வந்துச்சா?"

"இல்லம்மா."

"முப்பத்தஞ்சு வருஷமா வராதது இனிமேயா வரப்போகுது. உள்ள வாங்க."

"உன் நெஞ்சு தாங்காதேம்மா."

"தாங்குற வரைக்கும் உக்காருங்க. மிதியடியில காலைத் துடைங்க. பெருக்கறதுக்கு இனிமே நான் ஒருத்திதான்."

எட்டு நிமிஷம் தாங்கியது. ஒன்பதாவதில் அவளுக்கு இருமல் வந்தது, அவர் எழுந்துகொண்டார். மறுவாரம் அவள் மூக்கை மூடிக் கைக்குட்டை கட்டிக்கொண்டு, தேநீர்க் கோப்பைகளுக்கு மேல் ஒரு குடையை விரித்து வைத்தாள். அரை மணி வந்தது. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அரை மணிக்கு மேல் வரவில்லை. ஞாயிறுதோறும் வந்தார், உட்கார்ந்தார், இருமல் கேட்டதும் தொப்பியை எடுத்துக்கொண்டார். தகப்பன் என்றால் இவ்வளவுதான் என்று தெரு பழகிக்கொண்டது.

1978 ஜூனில் ஆர்மராட் போய்ச் சேர்ந்தார். பனி நிற்கவில்லை, அவரைப் புதைத்த ஆறடிக்கு இரண்டரை அடியில் மட்டும் இன்றும் விழுகிறது. கல்லறைக்காரர் ஒரு வாருகோல் கூடுதலாகக் கேட்டார், நகராட்சி கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை கைக்குட்டை கட்டிய ஓர் அம்மாள் அங்கே குனிந்து துண்டுத்தாள்களைப் படித்துக்கொண்டிருந்தால் யாரும் நின்று பார்ப்பதில்லை. அவர் உயிரோடு இருந்த வரைக்கும் கூட்டிப் பார்த்தால், படம் இருபத்தொன்று, பட்டம் ஒன்று, பனி மூட்டை வாரம் ஒன்று வீதம் இரண்டாயிரத்து இருநூறுக்கு நாலு குறைச்சல், மகளோடு உட்கார்ந்தது ஏழு வருஷத்தில் நூற்று எண்பத்திரண்டு மணி நேரம். அரை பைன்ட்டை என்ட்விசில் அன்றைக்கே வாங்கிக் கொடுத்துவிட்டார். வரி ஒன்று, பாக்கி.